தரை மாறிய கதை: திட்டக்குடிப் பக்கத்து வீடுகளும் பெரியவர்கள் தவறி விழுவதும்

முன்னுரை

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களாம்..."

இந்தச் செய்தி வராத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. கேட்டவர்கள் உடனே சொல்லும் பதிலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "வயசாயிடுச்சில்ல, அப்படித்தான்!" அத்தோடு பேச்சு முடிந்துவிடும். விழுந்தவரின் வயதை எல்லோரும் கேட்பார்கள். விழுந்த இடத்தில் தரை எப்படி இருந்தது, விளக்கு எரிந்ததா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

பெரிய மனிதர்களுக்கும் இதுதான் நடக்கிறது. தெலுங்கானா முதல்வராக இருந்த கே.சந்திரசேகர் ராவ் 2023 டிசம்பரில், தேர்தலில் தோற்ற சில நாட்களிலேயே, தன் பண்ணை வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2024 மே மாதம் வைகோ திருநெல்வேலியில் வீட்டில் தவறி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 80. ஊர் ஊராக நடைப்பயணம் போனவரைக் கீழே தள்ள ஒரு வீட்டுத் தரை போதுமானதாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுதோறும் 100க்கு 28 முதல் 35 பேர் வரை ஒருமுறையாவது விழுகிறார்கள். எல்லா வயதினரையும் சேர்த்து ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். இதில் 80 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில். தற்செயலான காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்!

இதற்கெல்லாம் வயது மட்டும்தான் காரணமா? ஒரு வட்டாரத்தின் வீடுகள் கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் எப்படி மாறின என்று பார்த்தால் வேறு ஒரு பதில் கிடைக்கிறது. அதற்கு திட்டக்குடி பொருத்தமான ஊர்.

வெள்ளாற்றங்கரை ஊர்

திட்டக்குடி கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், வெள்ளாற்றின் வடகரையில் இருக்கிறது. வைத்தியநாத சுவாமி கோயில் இங்கே பெயர் பெற்றது. 1993 வரை இது பழைய தென்னாற்காடு மாவட்டம். நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம் என்று விவசாயம்தான் பிழைப்பு. கிழக்கே பெண்ணாடம் தாண்டிப் போனால் சுமார் 30 கிலோமீட்டரில் விருத்தாசலம். பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர் அது. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்றுக்கொடுக்கவென்றே ஒரு அரசுப் பயிலகமும் அங்கே உண்டு. பொம்மை, ஜாடி, மின்சார ஃபியூஸ் கட்டை என்று பலதும் அங்கே சூளையில் வேகின்றன.

இந்தப் பீங்கானுக்கும் பெரியவர்கள் விழுவதற்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் பொறுங்கள், வருவோம்.

மண் தரைக் காலம்

அந்தக் காலத்து கிராமத்து வீடு என்றால் மண் சுவர், மேலே கூரை அல்லது ஓடு. தரை களிமண்ணை நனைத்துத் தட்டி, சாணி போட்டு மெழுகியது. மெழுகிய தரை காய்ந்தபின் வழவழப்பாகத் தெரிந்தாலும் காலைப் பிடித்துக்கொள்ளும். சிந்திய தண்ணீரை மண்ணே குடித்துவிடும். வீட்டுக்கு முன்னால் திண்ணை. பெரியவர்கள் பகல் முழுக்க உட்கார்ந்திருந்த இடம் அதுதான். வீட்டுக்குள்ளே அவர்களுக்கு அதிக நடமாட்டம் இல்லை.

குளியல் கிணற்றடியிலோ ஆற்றிலோ. கிணற்றடியில் போட்ட கருங்கல் நாளாக நாளாக வழவழப்பாகிவிட்டால் உளியால் கொத்திவிடுவார்கள். அம்மி கொத்துகிறவர் தெருவில் வரும்போது அந்தக் கல்லுக்கும் நாலு கொத்து விழும். ஈரம் படுகிற இடம் சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்ற அறிவு நம் ஊரில் புதிதல்ல.

அதற்காக அந்தக் காலத்து வீடு சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. வாசற்படி உயரம், நிலைக்கதவு தாழ்வு. குனிந்து, காலைத் தூக்கி வைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துதான் உள்ளே போக முடியும். கிணற்றடியில் பாசி பிடிக்கும். இரவில் ஒரு மண்ணெண்ணெய் விளக்குதான் வெளிச்சம். கொல்லைக்குப் போக இருட்டில் வரப்பு தாண்ட வேண்டும். அப்போதும் விழுந்திருப்பார்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். இன்று அது 70ஐ ஒட்டி இருக்கிறது. அன்று எழுபதைத் தொட்டவர்கள் ஊருக்குச் சிலர். இன்று தெருவுக்குப் பலர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், கேரளாவில் 12.6 சதவீதம்.

ஆயுள் நீண்ட அதே காலத்தில்தான் வீடும் மாறியது.

சிமெண்ட், மொசைக், டைல்ஸ்

மண் தரைக்கு அடுத்து வந்தது சிமெண்ட் தரை. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அதில் சிவப்புக் காவி கலந்து பூசினார்கள். அடுத்து மொசைக். 1980களில் ஸ்பார்டெக் போன்ற நிறுவனங்கள் மெருகு பூசிய பீங்கான் தரை ஓடுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. நம் மக்கள் அதற்கு வைத்த பெயர் டைல்ஸ். முதலில் நகரத்துப் பணக்கார வீடுகளுக்குத்தான் அது போனது. பிறகு குஜராத்தின் மோர்பி நகரம் டைல்ஸ் தயாரிப்பில் உலகின் பெரிய மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. விலை இறங்கியது. லாரி லாரியாகத் தெற்கே வந்தது. இன்று கிராமத்தில் வீடு கட்டினாலும் கூடத்தில் டைல்ஸ் போடாவிட்டால் வீடு முழுமை அடையாது என்று நினைக்கிறார்கள்.

சுட்ட மண் ஓட்டைத் தரையில் பதிப்பது பழைய வழக்கம்தான். சிந்து வெளி நாகரிகத்தைச் சேர்ந்த காலிபங்கனில் (இன்றைய ராஜஸ்தான்) வட்ட வட்டக் கோலம் போட்ட சுட்ட ஓடுகள் பதித்த தரை கிடைத்திருக்கிறது. புதிதாக வந்தது அந்த மெருகுதான்.

மெருகு என்பது என்ன? விருத்தாசலத்தில் பீங்கான் படிக்கும் மாணவருக்கு இது ஆரம்பப் பாடம். களிமண், மணல், ஃபெல்ட்ஸ்பார் போன்றவற்றை அரைத்துச் செய்த உடலின் மேல் ஒரு கலவையைப் பூசி சூளையில் வைப்பார்கள். அந்தக் கலவை உருகி, ஆறும்போது கண்ணாடியாகப் படிந்துவிடும். மெருகு போட்ட தரையில் நடப்பது கண்ணாடி மேல் நடப்பதுதான். காய்ந்திருக்கும்வரை பிரச்சினை அதிகம் இல்லை. தண்ணீர் பட்டால் காலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் நின்றுவிடும். மண் தரை போல இது தண்ணீரைக் குடிக்காது. சோப்பு நுரையும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இதே பீங்கான் தொழிலுக்கு மாற்றும் தெரியும். மெருகில் பளபளப்பைக் குறைக்கலாம். சூளைக்குப் போகும் முன் கடினமான துகள்களைத் தூவி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கலாம். ஜெர்மனியில் இதைச் சோதிக்க ஒரு வேடிக்கையான முறை உண்டு. ஒரு சாய்வுப் பலகையில் டைல்ஸைப் பதித்து, எண்ணெய் ஊற்றி, அதன்மேல் ஒரு ஆளை நடக்கவிடுவார்கள். பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். எந்தக் கோணத்தில் அவர் கால் தடுமாறுகிறதோ அதைப் பார்த்து ஆர் 9 முதல் ஆர் 13 வரை எண் கொடுப்பார்கள். வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் தனிச் சோதனை உண்டு. நம் ஊர்க் கடையில் டைல்ஸ் வாங்கும்போது நிறம் பார்க்கிறோம், பூ டிசைன் பார்க்கிறோம், சதுர அடி விலை கேட்கிறோம். "தண்ணி பட்டா வழுக்குமா?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

கொல்லையிலிருந்து கழிப்பறைக்கு

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கிராமப்புற வீடுகளில் 100க்கு சுமார் 23 வீடுகளில்தான் கழிப்பறை இருந்தது. 2014ல் தூய்மை இந்தியா திட்டம் வந்தபிறகு கழிப்பறைகள் வேகமாகக் கட்டப்பட்டன. இது பெரிய முன்னேற்றம், அதில் சந்தேகமே இல்லை. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இருட்டுக்காகக் காத்திருக்கும் அவலம் குறைந்தது.

ஆனால் கட்டிய விதத்தைப் பாருங்கள். கழிவுக்குழிக்காகப் பல இடங்களில் கழிப்பறையை உயர்த்திக் கட்டினார்கள். இரண்டு மூன்று படி. பிடித்து ஏறக் கம்பி கிடையாது. வீட்டை விட்டுத் தள்ளி, தோட்டத்தின் கோடியில் இருக்கும். போகிற வழியில் மாடு கட்டும் முளை, துணி துவைக்கும் கல், மோட்டார் பைப். உள்ளே குந்தி உட்காரும் பீங்கான் கோப்பை. முட்டி வலி உள்ளவர் எழுந்திருக்கும்போது கை எதையாவது தேடும். வழவழப்பான சுவரும், தண்ணீர் வாளியின் விளிம்பும்தான் கைக்குக் கிடைக்கும்.

இரவில் இரண்டு முறை எழுந்து போக வேண்டியது வயதானவர்களுக்கு வழக்கம். தூக்கக் கலக்கம், ரத்த அழுத்த மாத்திரையால் வரும் தலைசுற்றல், இருட்டு, ஈரப்படி... இத்தனையும் ஒரே நேரத்தில் சேரும் இடம் அது.

அரசு வீடுகளில் ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2011ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளியில் எரியும் 5 விளக்குகளும் கொடுத்தார்கள். வீடு என்றால் வெளிச்சமும் சேர்த்துத்தான் என்று அரசுத் திட்டத்திலேயே எழுதப்பட்டது அப்போது. அதோடு ஒரு கைப்பிடிக் கம்பியும் சேர்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

தெரு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது

வீட்டைத் தாண்டினால் தெரு. தார் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே அடுத்த ரோடு. இப்படி நாலு முறை போட்டால் வீடு பள்ளத்துக்குப் போய்விடும். மழைத் தண்ணீர் உள்ளே வரும். உடனே வீட்டுக்காரர் என்ன செய்வார்? வாசலில் ஒரு தடுப்பு கட்டுவார். உள்ளே இறங்க இரண்டு படி வைப்பார். புது வீடு கட்டுகிறவர் எதிர்காலத்தையும் நினைத்து நாலு அடி உயர்த்திக் கட்டுவார். இடம் போதாமல் படிகள் செங்குத்தாகும். நடுவில் சாக்கடை, அதன்மேல் ஆடும் ஒரு சிமெண்ட் பலகை. வாசலுக்கு வந்து உட்காரலாம் என்று நினைக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு இது மலை ஏறி இறங்குவது போல.

இந்தத் தவறு அரசுக்கும் தெரியாமல் இல்லை. 2021ல் தமிழ்நாடு தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். இந்த உத்தரவு சரியாக நடந்தால் மழைத் தண்ணீர் மட்டுமல்ல, முதியவர்களின் எலும்பும் தப்பிக்கும்.

இன்னொன்று, திண்ணை போய்விட்டது. இடித்துவிட்டு கேட் போட்டு வண்டி நிறுத்துகிறோம். திண்ணையில் உட்கார்ந்து, எழுந்து, தெருவில் நாலு வார்த்தை பேசி நடந்தவர்கள் இப்போது உள்ளே டிவி முன்னால். நடக்காத காலில் பலம் குறையும். பலம் குறைந்த கால் தடுமாறும். ஒருமுறை தடுமாறிவிட்டால் பயம் வரும். பயம் வந்தால் இன்னும் நடக்க மாட்டார்கள். பிள்ளைகள் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்ட வீடுகளில், விழுந்தவரைத் தூக்கிவிட ஆள் வருவதற்கே பல மணி நேரம் ஆகிவிடும்.

மருத்துவ உலகம் விழித்துக்கொண்ட கதை

"வயசானா விழத்தான் செய்வாங்க" என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. இங்கிலாந்திலும் அப்படித்தான் இருந்தது. வுல்வர்ஹாம்ப்டன் நகரத்து மருத்துவர் ஜே.எச்.ஷெல்டன் ஒரு எளிய வேலை செய்தார். விழுந்த 202 பேரிடம் போய், எங்கே விழுந்தீர்கள், எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். மொத்தம் 500 விழுதல்கள் கணக்கில் வந்தன. 1960ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டார். சுமார் மூன்றில் ஒரு பங்கு வெறும் விபத்து. படிக்கட்டு, வழுக்கல், இருட்டு, காலில் தட்டிய பொருள் என்று காரணம் சொல்லக்கூடியவை. இறங்கி முடித்துவிட்டோம் என்று நினைத்துக் கடைசிப் படியைத் தவறவிட்டவர்களும் இருந்தார்கள். கால்வாசி விழுதல்கள் காரணமே தெரியாமல் திடீரென்று கால் மடங்கி விழுந்தவை.

1988ல் அமெரிக்காவில் மேரி டினெட்டி, 75 வயதைத் தாண்டிய 336 பேரை ஒரு ஆண்டு கவனித்தார். 32 சதவீதம் பேர் ஒருமுறையாவது விழுந்தார்கள். மயக்க மருந்து, கால் பலவீனம், ஞாபகக் குறைவு என்று குறைகள் ஒன்றின்மேல் ஒன்று சேரச் சேர ஆபத்து ஏறிக்கொண்டே போனது.

சரி, வீட்டைத் திருத்தினால் உண்மையிலேயே பலன் உண்டா? நியூசிலாந்தில் 842 வீடுகளை வைத்துப் பார்த்தார்கள். பாதி வீடுகளில் படிக்குக் கைப்பிடி, குளியலறையில் கம்பி, வெளி விளக்கு, வழுக்காத படி விளிம்பு என்று சின்னச் சின்ன வேலைகள். மீதி வீடுகளை அப்படியே விட்டார்கள். 2015ல் வந்த முடிவு: திருத்திய வீடுகளில் விழுந்து காயம்படுவது 26 சதவீதம் குறைந்தது. 2023ல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் வீட்டு அபாயங்களைக் குறைத்தால் விழுவது 26 சதவீதம் குறையும் என்றே வந்தது. ஏற்கனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவர்கள் போன்றோரிடம் பலன் இன்னும் அதிகம், 38 சதவீதம்.

நம் தமிழ்நாடும் இதில் பின்தங்கவில்லை. 1978லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இந்தத் துறைக்கு அவர்தான் முன்னோடி. 1996ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்குத் தனி எம்.டி. படிப்பு வந்தது. 2024ல் கிண்டியில் முதியோருக்கென்று 200 படுக்கைகளோடு தேசிய மையம் திறக்கப்பட்டது. ஆனால் திட்டக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிண்டிக்குப் போக அரை நாளுக்கு மேல் ஆகும். இடுப்பு எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு வீட்டில் படுத்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடவும் முடியாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். படுக்கையிலேயே கிடந்தால் படுக்கைப் புண், நிமோனியா என்று ஒவ்வொன்றாக வரும். அதனால் முறிந்தபின் ஓடுவதைவிட முறியாமல் பார்ப்பதுதான் கிராமத்துக்குச் சரியான வைத்தியம்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவெல்லாம் வேண்டாம் நண்பர்களே.

* குளியலறையிலும் கழிப்பறையிலும் ஒரு ஸ்டீல் கம்பி. வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். செங்கல் சுவரில் ஆழமாகப் பதிக்க வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது.
* இருக்கும் டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை. ஓட்டை உள்ள ரப்பர் மேட் போடலாம். ஓரம் மடங்கிய கால்மிதியும் பழைய சாக்கும்தான் எதிரி.
* புதிதாகக் கட்டினால் ஈரம் படும் இடத்துக்கு சொரசொரப்பான டைல்ஸ்.
* படியின் விளிம்பில் மஞ்சள் அல்லது வெள்ளைப் பெயிண்ட் கோடு. கண் மங்கியவருக்கும் படி தெரியும்.
* படுக்கையிலிருந்து கழிப்பறை வரை வெளிச்சம். இரவு முழுக்க ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரிந்தாலும் கரண்ட் பில் அதிகம் ஏறாது.
* முட்டி வலி உள்ளவருக்கு, நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலியைக் கோப்பையின் மேல் போடலாம்.
* காலுக்குப் பொருந்தாத, தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள்.

அரசு பக்கத்திலும் ஒரு வழி ஏற்கனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. வந்தவர் ரத்த அழுத்தம் பார்த்ததும், "பெரியம்மா, பாத்ரூமைக் காட்டுங்க" என்று ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தால் போதும். கம்பி இல்லை, விளக்கு இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

முடிவுரை

மண் தரை சிமெண்டானது, சிமெண்ட் டைல்ஸானது. கொல்லை கழிப்பறையானது. தெரு உயர்ந்தது, திண்ணை மறைந்தது. இவ்வளவும் ஒரு பாட்டியின் ஆயுளுக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டன. சாணி மெழுகிய தரையில் நடை பழகிய அதே கால்தான் இன்று கண்ணாடி போன்ற தரையில் நடக்கிறது. வீட்டை மாற்றும்போது அந்தக் காலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வயதைக் குறைக்க எந்த மருத்துவராலும் முடியாது. தரையையும் படியையும் விளக்கையும் மாற்ற ஒரு கொத்தனாரும் ஒரு வெல்டரும் ஒரு எலக்ட்ரீஷியனும் போதும். இந்த வாரம் ஊருக்குப் போகிறவர்கள் தாத்தா பாட்டி உடம்பை விசாரித்துவிட்டு, அப்படியே கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவில் ஒருமுறை நடந்து பாருங்கள். என்ன குறை என்று உங்கள் காலே சொல்லிவிடும்.